அடிநூலின் கணக்கு

மும்பை தாராவியில், 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் குறுகிய சந்து ஒன்றில், தகரக் கதவு போட்ட எம்பிராய்டரி கார்கானா ஒன்று இருக்கிறது. அதன் மூலையில் ஒரு முக்காலியில் அமர்ந்து அந்த அம்மாள் ஒன்பது ஆண்டுகள் பாபின்களில் நூல் சுற்றினார். அவருக்கு முன்னால் சிறு மோட்டார் பொருத்திய சுற்றும் கருவி. இடப்பக்கம் காலிப் பாபின்கள் கிடக்கும் எவர்சில்வர் கிண்ணம், வலப்பக்கம் நூல் நிறைந்த பாபின்களை அடுக்கும் மரத்தட்டு. காலையில் நுழையும்போது கிண்ணம் நிறைந்தும் தட்டு காலியாகவும் இருக்கும். மாலையில் அவர் எழும்போது தட்டு நிறைந்திருக்கும். மறுநாள் காலையில் மீண்டும் கிண்ணமே நிறைந்திருக்கும்.

கார்கானாவில் 12 தலைகள் கொண்ட இரண்டு கணினி எம்பிராய்டரி இயந்திரங்கள் ஓடின. பகலில் ஒரு குழு, இரவில் ஒரு குழு என 12 மணி நேர முறைகள். இயந்திரங்களை இயக்கியவர்கள் பீகாரிலிருந்து வந்த இளைஞர்கள். அவர்கள் அவரை 'மௌசி' என்று அழைத்தனர். உத்தரப் பிரதேசத்துக்காரரான உரிமையாளரும் அப்படியே அழைத்தார். துணி வியாபாரிகள் கார்கானாவுக்குக் கொடுக்கும் கூலி, ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும். ஆகவே அந்த அறையில் காலம் மணியால் அளக்கப்படவில்லை, தையலால் அளக்கப்பட்டது. இயந்திரம் நின்ற ஒவ்வொரு நிமிடமும் கூலியற்ற நிமிடம்.

இயந்திரம் ஏன் நிற்கிறது என்பதற்கு நூலறுதல், ஊசி முறிதல், மின்தடை எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் விபத்தன்று. இயந்திரத்தின் அமைப்பிலேயே எழுதப்பட்டது. அது அடிநூல் தீர்ந்துபோதல்.

தையல் இயந்திரத்தின் வரலாற்றில் முதலில் வெற்றி கண்டது ஒற்றை நூலால் ஆன சங்கிலித் தையல். 1830-இல் பிரான்சின் தையற்காரர் பார்த்தலெமி திமோனியே காப்புரிமை பெற்ற இயந்திரம் அவ்வகையைச் சேர்ந்தது. அதற்குப் பாபின் தேவையில்லை. ஆனால் நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் தையல் வரிசையே அவிழ்ந்துவிடும். 1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரம் மேல்நூலையும் அடிநூலையும் துணியின் நடுவில் ஒன்றோடொன்று பூட்டியது. நெசவுத்தறியின் நாடாவைப் போன்ற ஒரு சிறு நாடா அதில் அடிநூலைச் சுமந்து சென்றது. 1851-இல் ஆலன் வில்சன் சுழலும் கொக்கியைக் கொண்டுவந்தார். ஊசி கீழே விடும் மேல்நூல் வளையத்தைக் கொக்கி பிடித்து, பாபினை முழுவதுமாகச் சுற்றிக் கடத்துகிறது. இன்று வீட்டில் மிதிக்கும் இயந்திரமாயினும், ஆலையில் ஓடும் கணினி இயந்திரமாயினும், பூட்டுத் தையலின் அடிப்படை இதுவே.

இந்த அமைப்பிலிருந்து ஒரு தவிர்க்க முடியாத விளைவு பிறக்கிறது. மேல்நூல் வளையம் ஒவ்வொரு தையலிலும் பாபினை முழுமையாகச் சுற்றி வரவேண்டும். ஆகவே பாபின் எல்லாப் பக்கமும் விடுபட்டு, கொக்கியின் குழிவுக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கவேண்டும். மேல்நூற்கண்டில் ஆயிரக்கணக்கான மீட்டர் நூல் இருக்கலாம். அடிநூலுக்கோ ஒரு நாணயத்தின் அகலமே இடம். இயந்திரத்தின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்த இடம் விரிவதில்லை. வேகம் கூடக்கூடப் பாபின் விரைவாகத் தீர்கிறது, அவ்வளவே.

கணக்கு எளியது. எம்பிராய்டரியில் ஒரு பாபின் ஏறத்தாழ 25,000 தையல் வரை வரும் என்றும், இயந்திரம் நிமிடத்துக்கு 750 தையல் போடுகிறது என்றும் கொண்டால், 33 நிமிட ஓட்டத்தில் அது தீரும். ஒரு முறையில் நிறுத்தங்கள் போக 8 மணி நேரம் ஓடினால் 14 தடவை மாற்றவேண்டும். ஒரு தலையின் பாபின் தீர்ந்தாலும் 12 தலைகளும் நிற்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே வழக்கம். இரண்டு இயந்திரங்களின் 24 தலைகளுக்கும் ஒரு முறைக்கு 336 பாபின். பகலும் இரவும் சேர்த்து 672. காலியை மாட்டி, சுற்றி, நூலைக் கத்தரித்து, எடுத்து அடுக்க ஒன்றுக்கு 40 வினாடி என்றால், ஏழரை மணி நேரம். ஒரு மனிதரின் முழு நாள் அந்த நாணய அகல இடத்துக்குள் சென்று மறைந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்த நாட்கூலி கடைசியாக 350 ரூபாய்.

இதைத் திறனற்ற வேலை என்று சொல்வது எளிது. கார்கானாவின் சம்பளக் குறிப்பேட்டிலும் அவர் பெயருக்கு எதிரே 'ஹெல்பர்' என்றே எழுதியிருந்தது. ஆனால் பாபின் சுற்றுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நூல் தளர்வாகச் சுற்றப்பட்டால் தையலின்போது அடுக்குகள் ஒன்றினுள் ஒன்று புதைந்து வெட்டி இழுக்கும். இறுக்கமாகச் சுற்றப்பட்டால் பாலியெஸ்டர் நூல் நீண்டு, தைத்த பின் சுருங்கித் துணியைச் சுருக்கும். ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் அமைந்தால் இழுவிசை தையலுக்குத் தையல் மாறும். விளிம்புவரை நிரப்பினால் பாபின் கூட்டில் உராயும். குறைத்து நிரப்பினால் 33 நிமிடம் 25 நிமிடமாகும்.

அவர் இதையெல்லாம் எந்த அளவுகோலாலும் அளக்கவில்லை. ஓடும் நூலை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே விட்டு, அதன் சூட்டைக் கொண்டு அறிந்தார். புதிதாக வரும் இளைஞர்களுக்குப் பாபின் கூட்டின் சோதனையையும் அவரே கற்பித்தார். கூட்டிலிருந்து வரும் நூல்நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு, மணிக்கட்டை ஒருமுறை இலேசாக உதறவேண்டும். கூடு ஓரிரு அங்குலம் இறங்கி நின்றால் இழுவிசை சரி. அசையாமல் இருந்தால் இறுக்கம்; தரைவரை வழுக்கிக்கொண்டு போனால் தளர்ச்சி. கூட்டின் பக்கவாட்டில் இருக்கும் சிறு திருகை மயிரிழை அளவு திருப்பினால் போதும். பிறகு தைத்த துணியைப் புரட்டிப் பார்க்கவேண்டும். நெருக்கமாக நிரப்பிய சாட்டின் தையலின் பின்புறத்தில், நடுவே மூன்றில் ஒரு பங்கு வெள்ளை அடிநூலும் இருபுறமும் மேல்நூலின் நிறமும் தெரிந்தால் அது நல்ல வேலை.

"துணிய முன்னால பாக்கவன் வியாபாரி. திருப்பிப் பாக்கவன்தான் வேலக்காரன்" என்பது அவர் மகளிடம் சொல்லிவந்த வாசகம்.

நூல் சுற்றுவது அவருக்கு மும்பையில் வந்த தொழிலன்று. திருநெல்வேலி மாவட்டத்தில், வீரவநல்லூருக்கு அருகே ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை தறியில் அமர்வார். தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் இராட்டையில் தார் சுற்றுவார்கள். நூற்கழியை விரித்து மாட்டிய சட்டத்திலிருந்து இழை வந்து தார்க்குச்சியில் ஏறும். அந்தத் தார் நாடாவுக்குள் போய் ஊடையாகும். பள்ளிக்குச் செல்லும் முன் இத்தனை தார், வந்த பின் இத்தனை தார் என்று அவருடைய குழந்தைப் பருவம் எண்ணப்பட்டது. தார் தீர்ந்தால் தறியின் ஓசை நிற்கும். ஓசை நின்றால் உள்ளிருந்து தந்தையின் குரல் வரும். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு பள்ளி நின்றது, தார் நிற்கவில்லை.

கூட்டுறவுச் சங்கம் சேலைக்குக் கூலி கொடுத்தது. கூலி தந்தையின் பெயரில், அவர் உறுப்பினர் எண்ணுக்கு எதிரே வந்தது. தார் சுற்றியதற்கெனத் தனிக் கூலி எதுவும் இல்லை. அது சமைப்பதையும் தண்ணீர் எடுப்பதையும் போல வீட்டுவேலைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. பனாரஸ் பட்டு நெசவிலும், ஆணின் தறிக்குப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே கூலியின்றி நூல் சுற்றிக்கொடுப்பது நீண்டகால வழக்கம். 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் ஏறத்தாழ 26.7 லட்சம் நெசவாளர்களும் 8.5 லட்சம் துணைத்தொழிலாளர்களும் இருப்பதாகப் பதிவு செய்தது. 'துணை' என்ற அந்தச் சொல்லுக்குள்தான் பாவு ஓட்டுபவர்களும் தார் சுற்றுபவர்களும் அடங்குகிறார்கள். கணக்கெடுப்பில் ஓர் எண்ணாக இடம்பெறுவதற்கும் கூலிப் பட்டியலில் இடம்பெறுவதற்கும் நடுவே உள்ள தூரம் பெரிது.

திருமணமாகித் தாராவிக்கு வந்து, தோல் பட்டறையில் வேலை பார்த்த கணவரை இழந்த பிறகு, அவர் கார்கானாவில் சேர்ந்தார். முதல் சனிக்கிழமை கையில் கூலி விழுந்தபோது அவர் வியந்தது தொகையைக் கண்டு அல்ல. "நூலு சுத்துனதுக்கா துட்டு?" என்று கேட்டாராம். நாற்பது வயதைக் கடந்த பிறகு, சிறுமியாக இருந்தபோதே கற்ற வேலைக்கு முதன்முறையாக ஒரு விலை உண்டென்று அறிந்த வியப்பு அது.

அந்த விலை ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. ஒரு மழைக்காலத்துக்குச் சற்று முன்னர் கார்கானாவுக்கு ஓர் அட்டைப் பெட்டி வந்தது. அதில் 144 பாபின்கள், ஒன்றுபோல் மற்றொன்று, வெண்ணிற நூல் விளிம்புவரை நிறைந்து, தேன்கூட்டின் அறைகளைப் போல அடுக்கப்பட்டிருந்தன. முன்பே நூல் சுற்றி விற்கப்படும் பாபின்கள். தொழிற்சாலையில் தானியங்கி இயந்திரங்கள் ஒரே இழுவிசையில், மிக நெருக்கமாகச் சுற்றுவதால், அதே நாணய அகல இடத்துக்குள் கூடுதலான நூல் அடங்குகிறது. ஆகவே மாற்றும் தடவைகள் குறைகின்றன. பக்கத்தட்டு அட்டையாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது; சிலவற்றுக்குப் பக்கத்தட்டே இல்லை. நூல் தீர்ந்ததும் உள்ளிருக்கும் கூட்டை எறிந்துவிடலாம்.

இத்தகைய பாபின்கள் முதலில் எம்பிராய்டரியில் வேரூன்றியதற்குத் தெளிவான காரணம் உண்டு. எம்பிராய்டரியின் அடிப்பக்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலே எத்தனை நிறம் மாறினாலும் அடியில் வெள்ளையோ கறுப்போ போதும். தெருமுனைத் தையற்காரருக்கு நிலைமை வேறு. அவர் காலையில் பச்சை ரவிக்கையும் பிற்பகலில் கருநீலக் கால்சட்டையும் தைக்கிறார். அடிநூலும் துணியின் நிறத்தோடு ஒத்துப்போகவேண்டும். ஒரு பாபினில் பாதிப் பச்சை மிச்சமிருக்க, அதன் மேலேயே நீலத்தைச் சுற்றிக்கொள்வார். அவருக்கு முன்சுற்றிய பாபின் அவ்வளவாகப் பயன்படாது. ஆயத்த ஆடை ஆலையின் இயந்திரத்திலோ, தைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாபினைச் சுற்றிவிடும் கருவி அருகிலேயே இருக்கிறது. ஒரே நிறம், பல தலைகள், இடைவிடாத ஓட்டம் ஆகிய மூன்றும் சேரும் இடத்திலேயே இப்பெட்டிக்கு முழுப் பொருள் கிடைக்கிறது. அந்தத் தாராவிக் கார்கானா அத்தகைய இடம்.

உரிமையாளரின் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஒரு நாட்கூலி மிச்சம். சுற்றும் கருவிக்கான மின்சாரம் மிச்சம். இரு மாற்றங்களுக்கு இடையிலான ஓட்டம் நீளும். துணி வியாபாரிகள் ஆயிரம் தையலுக்கான கூலியை உயர்த்த மறுத்து வந்தனர்; அவருக்கும் வாடகை இருந்தது. இயந்திரம் இயக்கிய இளைஞர்கள் மகிழ்ந்தனர். அதையும் தவறென்று சொல்ல முடியாது. இரவு இரண்டு மணிக்குக் குனிந்து குனிந்து 24 கூடுகளை மாற்றுபவனுக்கு, ஒரு முறைக்கு மூன்று நான்கு தடவை குறைவாக மாற்றுவது முதுகுக்குக் கிடைத்த ஓய்வு. கையால் சுற்றியதே சிறந்தது என்று ஏங்குபவர்கள் ஒரு நாளைக்கு 672 பாபின் சுற்றிப் பார்த்தவர்கள் அல்லர். அந்த அம்மாளின் வலக்கைக் கட்டைவிரலில் நூல் ஓடி ஓடி ஒரு கோடு விழுந்திருந்தது. குளிர்காலத்தில் அது வெடிக்கும். அந்த வேலை ஒழிந்ததற்காக வருந்த அவரே முழுமனதோடு முன்வரவில்லை.

"வேல போனா போவுது. கூலியும்லா கூடப் போவுது" என்றார்.

இந்த இடத்தில் இந்தியச் சிந்தனை வரலாற்றில் புகழ்பெற்ற ஓர் உரையாடலை நினைவுகூர்வது பொருந்தும். 1924-இல், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, காந்தி தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துக் களைப்பதைக் கண்ட சிங்கர், அவள் மீதுள்ள அன்பினால் அதை உருவாக்கினார் என்பது காந்தி சொன்ன காரணம். ஐசக் சிங்கரின் வாழ்க்கை வரலாறு அக்கதைக்கு இடம் தருவதில்லை. ஒரே சமயத்தில் பல குடும்பங்களை நடத்திய அவர், இயந்திரத்தில் கண்டது பெரும்பாலும் பணத்தையே. ஆனால் அந்த உரையாடலின் சிறப்பு அக்கதையில் இல்லை. அதற்கு அடுத்த கேள்வியில் இருக்கிறது. வீட்டிலுள்ள பெண்ணின் உழைப்பைக் குறைக்கும் அந்த இயந்திரத்தைச் செய்ய ஓர் ஆலை வேண்டுமே, அதில் விசையால் ஓடும் இயந்திரங்கள் இருக்குமே என்று கேட்கப்பட்டது. அத்தகைய ஆலைகள் அரசின் கையில் இருக்கவேண்டும், இலாபத்துக்காக அன்றி மனித நலனுக்காக இயங்கவேண்டும் என்பது காந்தியின் விடை. அந்த விடையை ஏற்கலாம், மறுக்கலாம். கேள்வியைத் தவிர்க்க முடியாது. உழைப்பு மிச்சமாகிறது என்று ஒரு பொருள் சொல்லும்போது, யாருடைய உழைப்பு, மிச்சமானது யாருக்குப் போகிறது என்பதே அக்கேள்வி.

முன்சுற்றிய பாபினிலும் நூல் தானாகச் சுற்றிக்கொள்வதில்லை. வேறோர் ஊரில், வரிசையாகச் சுழலும் கதிர்களின் முன் யாரோ நின்று, அறுந்த நூலை இணைத்து, நிறைந்த பெட்டியை மூடி ஒட்டுகிறார்கள். அவர்களின் முகம் தாராவிக்குத் தெரியாது. இந்த மூலையிலிருந்த முக்காலி அவர்களுக்குத் தெரியாது. சுற்றும் வேலை ஒழியவில்லை. கண்ணெதிரே இருந்தது காணாத தூரத்துக்குப் போயிற்று. வீரவநல்லூர்ப் பக்கத்து வீட்டில் தார் சுற்றியவர் சேலைக்குப் பின்னால் மறைந்தார். இங்கே சுற்றியவர் பெட்டிக்குப் பின்னால் மறைகிறார்.

உரிமையாளர் அவரைக் கைவிட்டுவிடவில்லை. வீட்டுக்கு எடுத்துச்சென்று நூல் வெட்டும் வேலை தருவதாகச் சொன்னார். எம்பிராய்டரி முடிந்த துணியில் ஒரு பூவிலிருந்து மறு பூவுக்குத் தாவும் நூல்களைச் சிறு கத்தரியால் வெட்டவேண்டும். கூலி துண்டுக்கு இவ்வளவு. கார்கானாவில் நாட்கூலி பெற்றவருக்கு, மின்சாரம் போன நேரத்துக்கும் கூலி இருந்தது. துண்டுக்கூலியில் அது இல்லை. வெளிச்சம், விளக்கு, இடம், கண் எல்லாம் அவருடையவை. துணியில் கத்தரி பட்டால் நட்டமும் அவருடையது.

வணிகவியல் படிக்கும் மகள் அன்றிரவு கணக்குப் போட்டாள். ஒரு துண்டுக்கு எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை துண்டு என்று எழுதிக் கூட்டிவிட்டு, "ஏம்மா, எட்டு மணி நேரம் குனிஞ்சு வெட்டுனாலும் இருநூறு தாண்டாது" என்றாள்.

"வீட்டுலதானட்டி இருக்கேன். சும்மா இருக்க நேரத்துல வெட்டுனா ஆச்சு."

"சும்மா இருக்க நேரம் எது? அதச் சொல்லு, அத எழுதிக்கிடுதேன்."

தாய் விடை சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து, "எங்க அம்மாகிட்ட இத யாரும் கேக்கல" என்றார்.

ஆந்திரத்தின் நரசாப்பூரில் லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நூல், உலகச் சந்தைக்காக அப்பெண்கள் செய்த வேலை எவ்வாறு இல்லத்தரசிகளின் ஓய்வுநேரப் பணியாகக் கருதப்பட்டது என்பதை விரிவாகக் காட்டியது. வீட்டிலிருந்து உழைப்போரையும் பிற கூலித் தொழிலாளர்களையும் இயன்றவரை ஒப்ப நடத்தவேண்டும் என்று கோரும் பன்னாட்டு உடன்படிக்கை 1996-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் நிறைவேறியது. இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. அந்த ஒற்றை அறையில் தாய்க்கும் மகளுக்கும் நடந்த பேச்சு இவ்விரண்டையும் அறியாதது. ஆயினும் இரண்டும் தொட்ட இடத்தையே அதுவும் தொட்டது.

ஜூலையில் மழை வலுத்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. மலிவு கருதி வாங்கிய பாபின்களின் பக்கத்தட்டு அட்டையால் ஆனது. ஓட்டுக் கூரையின் கீழ், ஈரக் காற்றில், அட்டை நுண்ணிய அளவில் உப்பியது. பாபின் கூட்டுக்குள் உராய்ந்தது. நூல் விட்டுவிட்டு வந்தது. சாட்டின் தையலின் மேற்பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப்பார்த்தன. இளைஞர்கள் மேல்நூலின் இழுவிசையை மாற்றினர், ஊசியை மாற்றினர், வடிவமைப்பின் கோப்பைச் சந்தேகித்தனர். இரண்டு நாள் வேலை கழிவானது. மூன்றாம் நாள் ஒருவன் சந்துக்குள் ஓடிவந்து, மௌசியைச் சேட் கூப்பிடுகிறார் என்றான்.

அவர் போய் முதலில் துணியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கூட்டை நூலில் தொங்கவிட்டு உதறினார். அது அசையவில்லை. பாபினை வெளியே எடுத்து, நூல்நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டபோது தடையின்றி அவிழ்ந்தது. ஆகவே தவறு நூலில் இல்லை, கூட்டின் திருகிலும் இல்லை, விளிம்பில் இருக்கிறது என்று முடிவு செய்தார். நகத்தால் அட்டையை வருடிக் காட்டினார். உப்பிய பக்கத்தட்டை உரித்தெடுத்து மாட்டச் சொன்னார். நெருக்கமாகச் சுற்றிய நூல் தன் வடிவிலேயே நின்றது. இயந்திரம் ஓடியது. அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

உரிமையாளர் நூறு ரூபாயை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. அரைகுறை இந்தியில், தினமும் இரண்டு மணி நேரம் வருவதாகவும், புதுப் பெட்டிகளைச் சோதித்து, கூடுகளைச் சுத்தம் செய்து, இழுவிசை பார்த்துத் தருவதாகவும், அதற்கு மாதச் சம்பளம் வேண்டும் என்றும் சொன்னார். குறிப்பேட்டில் 'ஹெல்பர்' என்று எழுதக்கூடாது என்றும் சொன்னார். பின்னே என்ன எழுதுவது என்று உரிமையாளர் சிரித்தபடி கேட்டதற்கு அவரிடம் உடனே ஒரு சொல் இல்லை. சற்று நேரம் நின்று, பையன்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பேச்சு பல வாரம் நீண்டது. முடிவில் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று ஒப்பந்தமாயிற்று. கூலி முன்பு பெற்றதில் பாதிக்கும் குறைவு. மீதிக்கு நூல் வெட்டும் வேலை இன்னும் வீட்டில் நடக்கிறது. அதற்கும் மகள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். தேதி, துண்டுகளின் எண்ணிக்கை, தொடங்கிய நேரம், முடித்த நேரம். துண்டுக் கூலியை உயர்த்தக் கேட்கும் நாளில் அந்த ஏடு உதவும் என்பது அவளது எண்ணம். உரிமையாளரின் குறிப்பேட்டில் தாயின் பெயருக்கு எதிரே இப்போது எதுவும் எழுதப்படவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. பகல்முறை இளைஞர்களுள் ஒருவன் மட்டும் அவரை 'பாபின் மாஸ்டர்' என்று கேலியாக அழைக்கத் தொடங்கினான். இப்போது மற்றவர்களும் அப்படியே அழைக்கிறார்கள், கேலி தேய்ந்துவிட்டது.

மழைக்குப் பிறகு கார்கானா பிளாஸ்டிக் தட்டுள்ள பாபின்களுக்கு மாறியது. தீர்ந்த கூடுகள் மூலையில் அதே எவர்சில்வர் கிண்ணத்தில் விழுகின்றன. முன்பு அந்தக் கிண்ணம் நிறைந்தால் அவருக்கு மறுநாள் வேலை இருந்தது. இப்போது அவர் வாரக் கடைசியில் கூடுகளைச் சாக்கில் கொட்டிக் கட்டுகிறார். சாக்கு தாராவியின் 13-ஆம் காம்பவுண்டுக்குப் போகிறது. நகரம் எறியும் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, அரைத்து, உருக்கும் பட்டறைகள் நிறைந்த பகுதி அது. எடை போட்டுத் தரும் சில்லறையை அவர் தனியாக முடிந்துவைக்கிறார். உருகிய அந்தப் பிளாஸ்டிக் குருணையாகி எங்கோ செல்கிறது. ஒருவேளை அது இன்னொரு பாபினின் கூடாகி, யாரோ ஒருவர் நூல் சுற்றி, பெட்டியில் அடைத்து, மறுபடியும் இந்தச் சந்துக்கே வந்து சேரலாம்.

அவர் புதுப் பெட்டியைத் திறக்கும்போது இன்றும் முதலில் ஒரு பாபினை எடுத்து, நூல்நுனியைச் சிறிது இழுத்து, இரு விரல்களுக்கு நடுவே விட்டுப் பார்க்கிறார். "சுத்துனவ நல்லாத்தான் சுத்திருக்கா" என்று சில நாள் சொல்வதுண்டு. அது தானியங்கி இயந்திரம் சுற்றியது என்று மகள் திருத்துவாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த பாபினை எடுக்கிறார்.